நாணல் பூக்களுக்காக ஓர் ஆண்டு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதாந்திரத் திரையிடலில், ‘பதேர் பாஞ்சாலி’ படத்துக்கு முன்பு கம்யூனிட்டி ஹாலில் ஆற்றிய உரை.)



சங்கத் தலைவர், செயலாளர், எல்லா பிளாக்குகளிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்கள், முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் நன்றி. கறுப்பு வெள்ளைப் படம், வங்காள மொழி, அதிலும் மெதுவாகப் போகும் என்று வாட்ஸ்அப் குழுவில் யாரோ முன்னெச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். அப்படியும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். கதையை நான் சொல்லப்போவதில்லை. அது எடுக்கப்பட்ட கதையை மட்டும் பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

இயக்குநர் சத்யஜித் ரே அப்போது கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்த்தவர். விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய இந்த நாவலின் சிறுவர் பதிப்புக்கு 1944-இல் படம் வரைந்து கொடுத்தவரும் அவர்தான். 1950-இல் அலுவலக வேலையாக லண்டன் போனார். அங்கே இத்தாலியப் படமான ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்தார். நட்சத்திரங்கள் இல்லாமல், தெருவிலேயே ஒரு படத்தை எடுக்க முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு அதில்தான் உறுதிப்பட்டது.

அவர் சேர்த்த குழுவைப் பாருங்கள். இயக்குநருக்கு இது முதல் படம். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு வயது 21. அதுவரை சினிமா கேமராவையே இயக்கியதில்லை, புகைப்படம் மட்டும் எடுத்தவர். அபுவாக வரும் சிறுவனுக்காகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். எத்தனையோ பிள்ளைகள் வந்தார்கள். ஒருவர் தன் மகளுக்குக் கிராப் வெட்டி, பையன் என்று சொல்லி அழைத்து வந்தாராம். கழுத்தில் சலூன் பவுடர் காட்டிக்கொடுத்துவிட்டது! கடைசியில் பக்கத்து வீட்டு மாடியில் விளையாடிக்கொண்டிருந்த பையனைக் கண்டுபிடித்தவர் ரேயின் மனைவி பிஜோயா. ஊரெல்லாம் தேடிய அபு பக்கத்து வீட்டிலேயே இருந்திருக்கிறான். நம்மைப் போல் அக்கம்பக்கம் வாழ்கிறவர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

1952 அக்டோபர் கடைசியில் படப்பிடிப்பு தொடங்கியது. அக்கா துர்காவும் தம்பி அபுவும் வெள்ளை வெளேரென்று பூத்த நாணல் காட்டுக்குள் ஓடி, முதன்முறையாக ரயிலைப் பார்க்கும் காட்சி. முதல் நாளே சிக்கல். அக்காவைத் தேடித் தயங்கித் தயங்கி நடக்க வேண்டிய பையன், விறைப்பாக நேரே நடந்தான். ரே அவனுக்கு நடிப்புப் பாடம் எடுக்கவில்லை. வழியில் சுள்ளிகளைப் போட்டுவைத்தார். ஆட்களை ஆங்காங்கே ஒளித்து, ஒவ்வொருவராகப் பையனைக் கூப்பிட வைத்தார். பையன் சுள்ளியைத் தாண்டினான், குரல் வந்த பக்கம் திரும்பினான். நடிப்பு தானாக வந்துவிட்டது.

பாதிக் காட்சியை எடுத்துவிட்டு, மீதியை எடுக்க அடுத்த வாரம் போனார்கள். பூக்களைக் காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! வேறு இடம் பார்த்திருக்கலாம், காட்சியைச் சுருக்கியிருக்கலாம். ரே அடுத்த ஆண்டு பூப்பூக்கும் பருவம் வரை காத்திருந்தார். இன்று அந்தக் காட்சியைப் பார்க்கும்போது, இரண்டு பகுதிக்கும் நடுவே ஓர் ஆண்டு இருப்பது தெரிகிறதா என்று கவனியுங்கள்.

அதற்குப் பிறகு காத்திருக்க வைத்தது பூ அல்ல, பணம். எந்தத் தயாரிப்பாளரும் முன்வரவில்லை. இன்ஷூரன்ஸ் பாலிசியின் பேரில் கடன் வாங்கினார். புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் விற்றார். மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. பணம் வந்தால் படப்பிடிப்பு, தீர்ந்தால் நிறுத்தம். இப்படி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் போயின.

அந்த இடைவெளிகளில் நடந்ததைக் கேளுங்கள். கதையில் ஒரு மிட்டாய்க்காரர் வருகிறார். கையில் காசில்லாத பிள்ளைகள் அவர் பின்னாலேயே போவார்கள். அதில் பாதி எடுத்ததும் பணம் தீர்ந்தது. மறுபடி தொடங்கியபோது அந்த நடிகர் உயிரோடு இல்லை. அதே உடல்வாகு உள்ள வேறொருவரைக் கண்டுபிடித்தார்கள், ஆனால் முகம் ஒத்துவரவில்லை. அதனால் அவரை முதுகுப்புறமாகவே காட்டினார்கள். மூங்கில் தோப்பிலிருந்து வெளியே வருபவர் ஒருவர், பணக்கார வீட்டுக்குள் நுழைபவர் இன்னொருவர். பிள்ளைகளின் பின்னால் ஓடிவரும் நாயும் லேசில் ஓடிவரவில்லை. துர்கா கையைப் பின்னால் கட்டி, அதற்குள் ஓர் இனிப்பை வைத்துக்கொண்டு நடந்தாள். அந்த நாயும் நடுவிலேயே இறந்துபோக, அதே மாதிரி இன்னொரு நாயைத் தேடிப் பிடித்தார்கள்.

இந்தத் தாமதத்துக்கு நடுவே மூன்று அதிசயங்கள் நடந்ததாக ரே பின்னாளில் சொன்னார். அபுவின் குரல் உடையவில்லை. துர்கா வளர்ந்துவிடவில்லை. பாட்டி இறந்துபோகவில்லை.

அந்தப் பாட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர் சுனிபாலா தேவி, வயது 80. இளமையில் மேடையில் நடித்து, பிறகு எல்லோராலும் மறக்கப்பட்டவர். தாலாட்டுப் பாட்டு ஏதாவது நினைவிருக்கிறதா என்று ரே கேட்டார். ரேக்குத் தெரிந்ததைவிட அதிகமான வரிகளை அவர் சொல்லிக் காட்டினார். படப்பிடிப்பில், போன தடவை எந்தக் கை நனைந்திருந்தது, மூட்டையை எந்தக் கையில் பிடித்திருந்தோம் என்பதெல்லாம் குழுவைவிட அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

பாட்டியின் இறுதி ஊர்வலக் காட்சி வந்தபோது ரேக்குத் தயக்கம். 80 வயதுக்காரரைப் பாடையில் படுக்கச் சொல்வது எப்படி? அவரோ, நடிப்புதானே, இதில் என்ன இருக்கிறது என்று படுத்துவிட்டார். ஷாட் முடிந்தது, கட்டை அவிழ்த்தார்கள். அவர் அசையவில்லை. எல்லோருக்கும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. சற்று நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, முடிந்துவிட்டதா, எனக்கு யாருமே சொல்லவில்லையே என்று கேட்டாராம்! ஆனால் படம் திரைக்கு வரும்போது அவர் உண்மையிலேயே இல்லை.

கடைசியில் கைகொடுத்தது மேற்கு வங்க அரசு. ரேயின் தாயார், தமக்குத் தெரிந்தவர் மூலமாக முதலமைச்சர் டாக்டர் பி.சி. ராயின் காதுக்கு விஷயத்தைக் கொண்டுசென்றார். தலைப்பில் ‘பதேர்’, அதாவது ‘பாதையின்’ என்று இருந்ததால், சாலை மேம்பாட்டுக் கணக்கிலிருந்து பணம் வந்தது. முடிவு சோகமாக இருக்கிறதே, குடும்பம் ஊரிலேயே தங்கி முன்னேறுவது போல மாற்றக் கூடாதா என்ற யோசனையும் கூடவே வந்தது. பணத்துக்காக மூன்று ஆண்டுகள் தவித்த மனிதர், அதற்கு மட்டும் இணங்கவில்லை.

இசையமைத்த ரவிசங்கருக்கு நேரமே இல்லை. படத்தில் பாதியைப் பார்த்துவிட்டு, ஒரே இரவில் உட்கார்ந்து வாசித்து முடித்தார். துர்காவின் அம்மா கதறும் இடம் வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அவர் குரல் கேட்காது. தார் ஷெனாய் என்ற வாத்தியம்தான் அழும்.

1955 மே மாதம் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் முதல் திரையிடல். ஆகஸ்ட் 26-இல் கல்கத்தாவில் வெளியீடு. ஆரம்பத்தில் கூட்டமில்லை, பிறகு அரங்கு நிறைந்தது. ஆனால் வசுஸ்ரீ தியேட்டர் ஏற்கெனவே வேறொரு படத்துக்கு முன்பதிவாகியிருந்ததால் அங்கிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இன்னொரு படம், நம் எஸ்.எஸ். வாசன் இந்தியில் எடுத்த ‘இன்சானியத்’. 1956-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த மானுட ஆவணம் என்ற விருது கிடைத்தது.

விருது வாங்கிய பெயர் ஒன்றுதான். ஆனால் பக்கத்து மாடியில் பையனைக் கண்டவர், நகையைக் கொடுத்தவர், அரசின் கதவைத் தட்டியவர், பாடையில் படுத்த பாட்டி என்று இந்தப் படத்தைக் கரை சேர்த்ததில் பெண்களின் பங்கு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பிலும் 80 கடந்தவர்கள் இருக்கிறார்கள். லிப்டில் பார்த்தால் சிரித்துவிட்டுப் போகிறோம். அவர்களிடம் ஒரு தாலாட்டுப் பாட்டு கேட்டுப் பாருங்கள். நமக்குத் தெரிந்ததைவிட நாலு வரி கூடுதலாகவே வரும்.

விளக்கை அணைத்துவிடலாம். செல்போன்களையும்தான்.