அழியாத பச்சையும் அழியும் மருதாணியும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் வீட்டோட இருக்கிறவ. பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். கடன், வட்டி, வங்கி பற்றி எனக்கு முன்னால பேசினவங்க நல்லாவே பேசிட்டாங்க. நான் நம்ம வீட்டுப் பொண்ணுங்க கையைப் பற்றிப் பேசப் போறேன்.

பச்சை குத்துறது நமக்குப் புதுசு இல்ல. நம்ம அப்பத்தா, அம்மாச்சி கையைப் பாருங்க. புள்ளி வெச்ச கோலம், தேள், அண்ணன் பேரு, புருஷன் பேரு எல்லாம் இருக்கும். விளக்குக் கரியையும் பச்சிலைச் சாறையும் கலந்து, ஊசியால குத்தினது. அந்தக் காலத்துல நகை இல்லாதவங்களுக்கு அதுதான் நகை. செத்தாலும் கூட வர்ற நகைன்னு சொல்லுவாங்க.

ஆனா கூட வர்றதுல ஒரு கஷ்டமும் இருக்கு. எங்க தெருவில ஒரு பெரியம்மா இருக்காங்க. கல்யாணமான புதுசுல புருஷன் பேரை முழங்கைக்குக் கீழே குத்திக்கிட்டாங்க. அந்த ஆளு மூணே வருஷத்துல வேற குடும்பம் தேடிப் போயிட்டாரு. பெரியம்மா ஒத்தையா நின்னு ரெண்டு புள்ளைங்களைக் கரையேத்திட்டாங்க. ஆனா அந்தப் பேரு இன்னிக்கும் கையில இருக்கு. வெயில் காலத்துலயும் முழுக்கை ரவிக்கைதான் போடுவாங்க.

இப்போ நம்ம பொண்ணுங்க அதையே டாட்டூன்னு கேக்குறாங்க. என் மகளும் கேட்டா. பன்னிரண்டாவது படிக்கிறா. மணிக்கட்டுல ஒரு பட்டாம்பூச்சி வேணுமாம். கூடாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருந்தா, திருவிழாக் கடையில எனக்குத் தெரியாமக் குத்திக்கிட்டு வந்திருப்பா. அதனால ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம்.

டாட்டூ மை மேல்தோலைத் தாண்டி அடித்தோலுக்குப் போகுது. அதனாலதான் அழியுறதில்ல. அழிக்கணும்னா லேசர் வைக்கணும். ஒரு தடவையில போகாது, பல தடவை போகணும், பணமும் ஆயிரக்கணக்குல ஆகும். ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போட்டா மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் தொத்தலாம். குத்தினதுல இருந்து ஒரு வருஷம் ரத்தம் கொடுக்கக் கூடாது. ராணுவம், துணை ராணுவம் ஆள் எடுக்கும்போது, எந்த இடத்துல, எவ்வளவு அளவுல குத்தியிருக்குன்னு பார்க்குறாங்க. நம்ம பொண்ணுங்க எத்தனையோ பேர் அந்த வேலைக்கு விடியக்காலையில ஓடிப் பழகுறாங்களே, அவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

கடைசியில நான் சொன்னது இதுதான்: "நீ கேக்குற படத்தை, கேக்குற இடத்துல மருதாணியில போடு. அழிஞ்சதும் மறுபடி போடு. ஆறு மாசம் கழிச்சும் இதே ஆசை இருந்தா அப்புறம் பேசலாம்." முதல் தடவை பட்டாம்பூச்சி போட்டா. ரெண்டாவது தடவை அதுக்குக் கீழே ஒரு எழுத்து சேர்த்தா. அடுத்த தடவை எழுத்து வேண்டாம், மயிலிறகு போதும்னா. இடமும் மணிக்கட்டுல இருந்து தோளுக்கு மாறிடுச்சு. குத்தவே மாட்டேன்னு அவ சொல்லல. படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கா. எனக்கு அது போதும்.

மருதாணி ஏன் அழியுதுன்னா, இலையில இருக்குற லாசோன் என்கிற சாயச் சத்து மேல்தோலோட நின்னுடுது. அந்தத் தோல் தானா உதிர உதிர, ஒண்ணுல இருந்து மூணு வாரத்துக்குள்ள நிறமும் போயிடும். உள்ளங்கை, பாதத்துல நல்லாச் சிவக்கும். தோள், முதுகுல மேல்தோல் மெல்லிசு, அதனால கொஞ்சம் வெளிறித்தான் பிடிக்கும்.

நம்ம வீட்டுலயே கோன் செய்யலாம். இலையை நிழலில் காயவெச்சு அரைச்சு, மெல்லிய வேட்டித் துணியில ரெண்டு மூணு தடவை சலிக்கணும். கப்பி இருந்தா கோன் அடைச்சுக்கும். 100 கிராம் பொடிக்கு 2 டீஸ்பூன் சர்க்கரை, 4 டீஸ்பூன் நீலகிரித் தைலம், தேவையான அளவு எலுமிச்சைச் சாறு விட்டு, தோசை மாவை விடக் கெட்டியாகக் கலக்கணும். சின்னப் பிள்ளைகளுக்குன்னா தைலம் வேண்டாம். ராத்திரி கலந்து மூடி வெச்சா காலையில கோன்ல அடைக்கலாம். போட்டபிறகு நாலஞ்சு மணி நேரம் இருக்கணும். உரிச்சு எடுக்கும்போது தண்ணி படக் கூடாது, தேங்காய் எண்ணெய் தடவுங்க. முதல்ல ஆரஞ்சாத்தான் தெரியும். ரெண்டு நாள்ல கருஞ்சிவப்பாகும்.

இங்கே ஒண்ணு அழுத்திச் சொல்லணும். கறுப்பு மருதாணின்னு கடையில போடுறாங்களே, அதை நம்பாதீங்க. மருதாணி இலைக்குக் கறுப்பு நிறம் கிடையாது. கொஞ்ச நேரத்துலயே கன்னங்கரேல்னு பிடிச்சா, அதுல பி.பி.டி. கலந்திருக்கலாம். தலைமுடிச் சாயத்துல சேர்க்கிற ரசாயனம் அது. சிலருக்கு அரிப்பெடுத்துக் கொப்புளம் கிளம்பும், போட்ட படம் அப்படியே தழும்பா நிக்கும். அது ஒரு தடவை ஒத்துக்காமப் போனா, பிற்காலத்துல தலைக்கு டை அடிச்சாலும் முகம் வீங்கலாம். அழியணும்னு போட்டதே அழியாத தழும்பாகிடும். கொப்புளம் வந்தா உடனே கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, கை வைத்தியம் பார்க்காதீங்க.

நல்ல மருதாணியா இருந்தாலும், புதுசாப் போடுறவங்க முழங்கை மடிப்புல ஒரு பொட்டு வெச்சு ரெண்டு நாள் பாருங்க. ஜி6பிடி குறைபாடு இருக்குன்னு டாக்டர் சொன்ன பிள்ளைகளுக்கு மருதாணியே வேண்டாம், ரத்தம் உடைஞ்சு மஞ்சள் காமாலை வரலாம்.

கடைசியா நம்ம குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்ம கொல்லையில வேலியோரம் மருதாணி நிக்குது. ஆடி மாசம் மட்டும் பறிக்கிறோம். கல்யாணம், வளைகாப்பு, சடங்குன்னா வெளியிலேர்ந்து கோன் வாங்குறோம். நாமே செய்யலாம். நம்ம கோன்ல பதப்படுத்துற மருந்து கிடையாது, அதனால ஃப்ரிட்ஜில வெச்சு ஒரு வாரத்துக்குள்ள வித்துடணும். கலந்த தேதியையும் போட்ட பொருளையும் மேலே எழுதி ஒட்டணும். சீக்கிரம் கறுக்கணும்னு யார் கேட்டாலும் எதையும் கலக்க மாட்டோம்னு குழுக் கூட்டத்துல தீர்மானம் போடணும். ரெண்டு ரூபாய் குறைஞ்சாலும் பரவாயில்ல, அந்தக் கோன் நம்ம புள்ளைங்க கையிலதான் போகப் போகுது.

பொண்ணுங்களுக்கு அழகு மேல ஆசை இருக்கட்டும். பதினேழு வயசு ஆசையை எழுபது வயசு வரைக்கும் சுமக்கணும்னு கட்டாயம் வேண்டாம். மனசு மாறுறதுக்கு அவங்களுக்கு நேரம் கொடுப்போம். மருதாணி அந்த நேரத்தைக் கொடுக்குது.