மந்தில் எழும் பாட்டு



நீலமலைத் தலைநகரை 'உதகமண்டலம்' என வடமொழிக் கோலம் பூட்டி எழுதுகின்றனர். ஆங்கிலேயர் வழங்கிய பெயரின் ஈற்றில் நின்றதோ 'மந்து'. தொதவர் தம் எருமைகளொடு வாழும் இருப்பிடம். தமிழின் 'மன்று' அதற்கு உறவுச்சொல். அம்மக்கள் தம்மை 'ஓள்' என்பர். தமிழின் 'ஆள்' அங்கு ஓகாரம் ஏற்று நிற்கின்றது. இவ்வுறவைக் கண்டதும், "தொதவம் சிதைந்த தமிழே" என்று மார்தட்டுவார் உளர். அது பெரும்பிழை. தனி இலக்கணமும் தனி ஒலிகளும் உடைய உடன்பிறப்பு மொழி அது.

எழுத்தில்லா அம்மொழிக்குப் பாட்டே ஏடு. திசம்பர்க் கடையிலோ சனவரித் தொடக்கத்திலோ முத்தநாட்டு மந்தில் ஆடவர் திரள்வர். கூம்பென ஓங்கிய கோயிலை வணங்கியபின், பூவேலைப் போர்வை தோளிற் புரள, கைகோத்து வட்டமாய் நின்று அடிபெயர்த்துப் பாடுவர். பழம்பாட்டு மட்டுமா? அன்று நிகழ்ந்த செய்தியும் அன்றே பாட்டாகும். ஒருவன் புனையும் புதுப்பாட்டைப் பலர் உடன்பாடுதல் எங்ஙனம் இயலும்? அங்கேதான் அவர்தம் யாப்பின் நுட்பம் உள்ளது. மூன்று ஒலியசை கொண்ட சிறு தொடர்கள் இணையிணையாகவே வரும். ஓர் எருமையின் பெயர் வந்தால் அதற்குரிய இணைப்பெயரும், ஒரு குன்று வந்தால் அதற்குரிய இணைக்குன்றும் மரபாய் அமைந்துள்ளன. முற்பாதி எழுந்த அளவில் பிற்பாதியைக் கேட்போர் உணர்வர். தொடை கற்ற தமிழ்ப்புலவர் வியக்கத்தக்க கட்டுக்கோப்பு இது.

கனடாவிற் பிறந்த மொழியறிஞர் எமனோ 1935 முதல் 1938 வரை இந்நாட்டில் தங்கி மலைமொழிகளைக் கற்றார். அவர் தொகுத்த தொதவர் பாடற் பெருநூல் 1971-இல் ஆக்சுபோர்டில் வெளிவந்தது. கடல்கடந்து ஒருவர் வந்தார். அடிவாரத்துப் புலவருள் மந்துக்கு ஏறியவர் எத்துணைப் பேர்?

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தொதவர் ஏறத்தாழ 2,000 பேரே. அழிவின் விளிம்பிலுள்ள மொழிகளுள் ஒன்றாகத் தொதவத்தை யுனெசுகோ குறித்துள்ளது. பாட்டில் வாழும் புல்வெளிகள் பலவற்றைத் தேயிலையும் சீகையும் தைலமரமும் விழுங்கிவிட்டன. எருமை அருகினால் எருமைப் பெயர் அருகும். பெயர் அருகினால் பாட்டின் இணை முறியும்.

1938-இலும் 1965-இலும் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றனர் தமிழர். அத் தமிழே மலைமேற் பெருமொழியாய் நிற்கின்றது. தொதவக் குழந்தைக்குப் பாடமொழி தமிழ், அன்றேல் ஆங்கிலம்; தாய்மொழி வீட்டளவில் ஒடுங்குகின்றது. தமிழுக்குக் கிரந்த எழுத்து வேண்டா என்பது நேர்மையான கொள்கை. அதையே காட்டி, தமிழெழுத்தில் அடங்காத தொதவ ஒலிகளை அதற்குள் நெருக்கித் தேய்த்தல் நேர்மையாகாது.

நீலமலைப் பள்ளி விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்து முழங்குகின்றது, முழங்குக! அதே மேடைக்கு மந்தின் முதியவர் ஒருவரை ஆசிரியர் அழைக்கலாம். தொதவச் சிறார் வட்டமிட்டுப் பாட, தமிழ்ச் சிறார் அமர்ந்து கேட்கட்டும். பாட்டின் பொருளை முன்னரே கேட்டறிந்து சிறார்க்கு உரைத்தல் வேண்டும். பொருளறியாது கைதட்டுவது வேடிக்கை பார்த்தலே. எப்பாட்டை மேடையிற் பாடலாம், எது கோயில் முன்றிலுக்கே உரியது என்பதை அம்முதியவரே முடிவுசெய்வார். "இங்குப் பாடலாகாது" என்று அவர் கூறின், அச்சொல்லையும் ஏற்றல் வேண்டும்.