விமானியும் சம்பளத்துக்கு உழைக்கும் தொழிலாளிதான்

(இளைஞர் பிரிவின் தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைக்கு விமானம் ஓட்டுகிறவர்களைப் பற்றிப் பேசப் போகிறோம். தேயிலை மலையில் இருந்துகொண்டு விமானியின் பாட்டை நாம் ஏன் பேச வேண்டும்? இரண்டு காரணங்கள் இருக்கின்றன. உயர்தரம் படித்த நம் பிள்ளைகளில் சிலர் இந்தத் தொழிலையும் விசாரிக்கிறார்கள். விளம்பரத்தில் வெள்ளைச் சட்டையும் தங்கப் பட்டியும் தெரிகின்றன, கடன் தெரிவதில்லை. அடுத்தது, படித்துப் பெரிய வேலைக்குப் போய்விட்டால் சங்கம் தேவையில்லை என்ற பேச்சு நம் லயங்களிலும் கேட்கிறது. அந்தப் பேச்சு சரியா என்று பார்க்க விமானித் தொழில் நல்ல உதாரணம். அமெரிக்காவின் பிராந்திய விமானக் கம்பனிகளை எடுத்துக்கொள்வோம்.

பிராந்தியக் கம்பனி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 1992இல் நம் தோட்டங்களின் நிர்வாகம் போனதும் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குத்தான். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அங்கே டெல்டா, யுனைட்டட், அமெரிக்கன் போன்ற பெரிய கம்பனிகள் சிறிய ஊர்களுக்கான பறப்பை ஒப்பந்தத்துக்கு விடுகின்றன. விமானத்தில் பெரிய கம்பனியின் பெயர். டிக்கட்டிலும் அதே பெயர். ஓட்டுகிற விமானிக்குச் சம்பளம் கொடுப்பது மட்டும் வேறொரு சிறிய கம்பனி. குறைந்த செலவில் பறப்பவருக்கே ஒப்பந்தம் என்பதால், அந்தச் செலவைக் குறைக்கும் பாரம் விமானியின் சம்பளத்தில் வந்து இறங்கியது.

இந்த வேலைக்கு ஒருவர் எப்படிப் போகிறார்? முதலில் பறக்கப் படிக்க வேண்டும். அடியிலிருந்து எல்லா உரிமங்களையும் பெற்று முடிக்க ஒரு இலட்சம் டொலர் அளவு செலவாகும். பெரும்பாலோர் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். உரிமம் கிடைத்த உடனே வேலை இல்லை. மொத்தம் 1,500 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் இதற்கான நான்காண்டுப் பட்டம் பெற்றவருக்கு 1,000, இராணுவ விமானிக்கு 750 என்று சலுகை உண்டு. அந்த மணிகளைச் சேர்க்க, பலர் சின்ன விமானத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருடக்கணக்கில் ஓடுகிறார்கள்.

பிறகு பிராந்தியக் கம்பனியில் துணை விமானியாகச் சேரலாம். சம்பளம் மணிக்கணக்கு. ஆனால் வேலைக்கு வந்த நேரத்திலிருந்து அந்தக் கணக்கு தொடங்குவதில்லை. விமானம் புறப்பட நகர்ந்ததிலிருந்து போய் நிற்கும் வரைதான் பறப்பு மணி. இடையில் நிலையத்தில் காத்திருக்கும் நேரத்துக்கு அந்த மணிச் சம்பளம் கிடையாது. கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப்பேர் போடுவதைப் பார்த்த நமக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்கும். விமானிகளின் கூட்டு ஒப்பந்தங்களில் மாதத்துக்கு இத்தனை மணிக்குக் குறையாமல் சம்பளம் என்ற உத்தரவாதம் இருக்கிறது. அதைப் பேசி வாங்கியது சங்கம்.

2009 பெப்ரவரி 12ஆம் திகதி நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் எயார் 3407ஆம் இலக்க விமானம் தரையிறங்கும் முன் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், கீழே வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். கப்டன் விமானத்தைத் தவறாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணைச் சபை முடிவு செய்தது. அதே விசாரணையில் வேறு விடயங்களும் வெளிவந்தன. துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 16,000 டொலர். அவர் நாட்டின் மறுகரையில் சியாட்டில் பக்கத்தில் பெற்றோர் வீட்டில் குடியிருந்தவர். முந்திய இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் ஏறி இறங்கி வேலைக்கு வந்து சேர்ந்தார். கப்டனும் முந்திய இரவைப் பணியாளர் ஓய்வறையில் கழித்திருந்தார். இருவருக்கும் களைப்பு இருந்திருக்கும் என்று சபையே எழுதியது.

இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தன. 2010இல் சட்டம் வந்தது. முன்பு 250 மணி பறந்தவரும் துணை விமானி ஆகலாம் என்றிருந்தது. 2013இல் அது 1,500 ஆனது. 2014 ஜனவரியில் புதிய ஓய்வு விதி வந்தது. வேலைக்கு முன் 10 மணித்தியால ஓய்வு, அதில் 8 மணி தடையில்லாமல் தூங்க வாய்ப்பு. சரக்கு விமானங்களை மட்டும் அந்த விதியிலிருந்து விலக்கி வைத்தார்கள். 1,500 என்ற எண் சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. விழுந்த விமானத்தின் இரு விமானிகளும் அதைவிடக் கூடுதலாகப் பறந்தவர்கள்தான். ஆனால் அந்த விதியால் இன்னொன்று நடந்தது: மலிவாக ஆள் பிடிக்கிற வழி குறுகியது.

சம்பளம் உடனே ஏறிவிடவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது பெரிய கம்பனிகள் மூத்த விமானிகளுக்குப் பணம் கொடுத்து முன்கூட்டியே ஓய்வில் அனுப்பின. பயணிகள் திரும்பி வந்தபோது ஆள் இல்லை. பெரிய கம்பனிகள் பிராந்திய விமானிகளை இழுத்தன. 2022 ஜூனில் அமெரிக்கன் குழுமத்தின் பிராந்தியக் கம்பனிகள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டொலர் என்று சங்கத்தோடு பேசி முடித்தன. மாதம் 75 மணி என்று பார்த்தால் ஆண்டுக்கு 81,000 டொலர். அதே வேலை, அதே ஆசனம். ஆள் தட்டுப்பாடு வந்த நேரத்தில் பேசுவதற்குச் சங்கம் தயாராக இருந்தது. தட்டுப்பாடு மட்டும் இருந்து சங்கம் இல்லாவிட்டால், கம்பனி விரும்பியதைக் கொடுத்து, விரும்பிய நாளில் நிறுத்தியிருக்கும்.

நீண்ட கால எதிர்காலம் என்ன? நன்றாக அமைந்தால் மிக நல்லது. பிராந்தியத்தில் சில ஆண்டு துணை விமானி, பிறகு கப்டன், பிறகு பெரிய கம்பனி. அங்கே பெரிய விமானத்தின் மூத்த கப்டன் ஆண்டுக்கு 3 இலட்சம் டொலருக்கு மேல் எடுக்கிறார். 2023இல் டெல்டா விமானிகளின் சங்கம் நான்கு ஆண்டில் 34 வீத உயர்வுக்கு ஒப்பந்தம் போட்டது. 65 வயதில் கட்டாய ஓய்வு என்பதால் மேலே இடமும் காலியாகிக்கொண்டே இருக்கும்.

ஆனால் எல்லாம் சேவை மூப்பில் தொங்குகிறது. எந்த விமானம், எந்த ஊர், எந்த நாள் லீவு, யார் கப்டன் என்பதையெல்லாம் சேர்ந்த திகதிதான் முடிவு செய்யும். ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே. கம்பனி மாறினால் இருபது வருட அனுபவம் உள்ளவரும் புதிய பட்டியலின் அடியில்தான் நிற்க வேண்டும். மாறாமல் இருந்தாலும் கம்பனியே இல்லாமல் போகலாம். 2020 ஏப்ரலில் ட்ரான்ஸ் ஸ்டேட்ஸ், கொம்பஸ் என்ற இரண்டு பிராந்தியக் கம்பனிகள் ஒரே வாரத்தில் மூடப்பட்டன. உடம்பும் இருக்கிறது: 40 வயதுக்குப் பிறகு கப்டன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்தியப் பரிசோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் ஓட்ட முடியாது.

சங்கத்தின் பலத்தையும் எல்லையையும் காட்டுகிற ஒரு போராட்டத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க விமானிகளின் சங்கம் 1931இல் தொடங்கியது. டெல்டாவுக்குச் சொந்தமான கொமெயார் என்ற பிராந்தியக் கம்பனியின் விமானிகள், நீண்ட பேச்சுவார்த்தை பயனளிக்காமல், 2001 மார்ச்சில் வேலை நிறுத்தம் செய்தார்கள். 89 நாள் கம்பனி பறக்கவில்லை. சம்பள உயர்வோடு திரும்பினார்கள். ஆனால் மற்றப் பிராந்தியக் கம்பனிகளில் சம்பளம் கீழேயே கிடந்தது. செலவு அதிகம், விமானங்கள் பழையவை என்று சொல்லி 2012இல் கொமெயாரையே டெல்டா மூடிவிட்டது. ஒரு தோட்டத்தில் மட்டும் வென்றால் அந்த வெற்றி எவ்வளவு நாள் நிற்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே பெற்றோரே, பிள்ளை இந்தத் தொழிலுக்குப் போகட்டும். ஆசையைக் கெடுக்க வேண்டாம். ஆனால் சேமலாப நிதியை எடுத்தோ நகையை அடகு வைத்தோ கட்டணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். கடைசி உரிமம் வரை முழுச் செலவு எவ்வளவு? உரிமத்துக்குப் பிறகு முதல் வேலைக்கு எத்தனை மணி பறந்திருக்க வேண்டும், அதை எங்கே சேர்ப்பது? அதுவரை கடனை யார் கட்டுவது? தொடக்கத்திலேயே வைத்தியப் பரிசோதனை செய்து பார்த்தாயிற்றா? சேரப் போகும் கம்பனியில் கூட்டு ஒப்பந்தம் இருக்கிறதா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத பயிற்சி நிலையத்துக்குக் காசு கட்ட வேண்டாம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தோளில் நாலு பட்டி இருந்தாலும் சம்பளத்தை முடிவு செய்வது ஒப்பந்தம்தான். திறமை உங்களை அந்த ஆசனத்தில் உட்கார வைக்கும். அந்த ஆசனத்துக்கு என்ன கூலி, எத்தனை மணி தூக்கம் என்பதைச் சங்கமாகச் சேர்ந்துதான் பேச வேண்டும். எந்த வேலைக்குப் போனாலும் முதல் மாதத்திலேயே அங்கே சங்கம் எது என்று தேடிப் போய்ச் சேருங்கள்.