பைப்பில் உள்ள பித்தளைச் சாமானைக் கழற்றலாமா?

(மாத்தளை மாவட்டத் தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ரத்தோட்டை, கம்மடுவை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நாம் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "லயத்துக்கு வாற பைப்பில் கைப்பிடியே இல்லாத ஒரு பித்தளைச் சாமான் இருக்கு. அது என்னாங்க? அதுதான் தண்ணிய அடைக்குதா?" என்று கேட்கிறார்கள். சிலர் கேட்பதற்கு முன்பே ஸ்பெனரை எடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் இன்று இதைப் பேச வந்தோம்.

முதலில் அதன் உடம்பைப் பாருங்கள். அம்புக்குறி ஒன்று வார்க்கப்பட்டிருக்கும். மேலே ஒரு மூடி இருக்கும். திருகும் சக்கரம் இருக்காது. அப்படியானால் அது பெரும்பாலும் ஒருவழி வால்வு. உள்ளே கதவு மாதிரி ஒரு தகடு தொங்கும். தண்ணி வரும்போது தள்ளித் திறக்கும், நின்றால் விழுந்து மூடும். அம்பு வீட்டுப் பக்கம் காட்ட வேண்டும். மாறிப் பூட்டினால் ஒரு சொட்டும் வராது.

இது எதற்கு? மண்ணெண்ணெய்க் கேனில் டியூப்பைப் போட்டு வாயால் இழுப்போமே, ஒருமுறை இழுத்துவிட்டால் பிறகு தானாக ஓடும். நம்ம பைப்பும் அப்படித்தான். மேலே ஊற்றிலிருந்து வரும் பைப் மண்சரிவில் உடைந்தால், பைப்பில் உள்ள தண்ணி உடைந்த இடத்தை நோக்கிப் பின்னால் இறங்கும். அந்த நேரம் குழாயில் மாட்டிய டியூப்பின் நுனி உடுப்பு ஊறும் வாளிக்குள் கிடந்தால், அழுக்குத் தண்ணியும் பைப்புக்குள் இழுபடும். திருத்தியதும் அதே தண்ணி பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கோப்பைக்கு வரும். வயிற்றோட்டமும் செங்கமாரியும் இப்படியும் வரலாம். இதைத் தடுக்கும் சாமானைத்தான் நாம் "அடைப்பு" என்று கழற்றப் பார்க்கிறோம்.

ஆனால் அம்பு இருந்தால் எல்லாம் ஒருவழி வால்வு என்று நினைத்துவிடாதீர்கள். மணி போன்ற உருவமும் உச்சியில் ஒரு ஸ்குரூவும் இருந்தால் அது அழுத்தம் குறைக்கும் வால்வு. மலைத் தோட்டத்தில் 10 மீற்றர் இறக்கத்துக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் ஏறும். 600 வகை பீ.வீ.சி. பைப் சுமார் 60 மீற்றர் உயரத் தண்ணியின் அழுத்தத்தைத்தான் தாங்கும். "கொஞ்சம் கூடத் தண்ணி வரட்டுமே" என்று அந்த ஸ்குரூவை இறுக்கினால், யாரும் தண்ணி பிடிக்காத இரவு நேரத்தில் பைப் வெடிக்கும்.

பைப் மேடேறி இறங்கும் இடத்தில், மேல்நோக்கி நிற்கும் குமிழும் அதில் சின்னத் துளையும் கண்டால் அது காற்று வால்வு. "உஸ்" என்று சத்தம் போடும், சில நேரம் துளி தெறிக்கும். ஒரு தோட்டத்தில் யாரோ நல்ல மனதோடு அந்தத் துளையில் குச்சியைச் செருகிவிட்டார்கள். பைப்புக்குள் காற்று அடைத்துக் கீழ் லயத்துக்குத் தண்ணியே போகவில்லை. தாய்மார் கொழுந்து பறித்து வந்து பீலிக்குக் குடம் தூக்கினார்கள். பைப் பாஸ் ஊற்று வரை தேடிவிட்டுத் திரும்பி வரும்போதுதான் குச்சியைக் கண்டார்.

நீங்களே கழற்றக்கூடிய ஒன்றும் உண்டு. பைப்பில் சாய்வாக ஒரு கை நீண்டு, அதன் நுனியில் மூடி இருந்தால் அது வடிகட்டி. மழைக்குப் பிறகு தண்ணி மெலிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். பைப் பாஸிடமோ தண்ணிக் குழுவிடமோ சொல்லிவிட்டு, மேலே உள்ள வால்வை மூடி, மூடியைத் திறந்து வலையை எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். வொஷர் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டி, வால்வை மெதுவாகத் திறந்து, கலங்கல் போகும்வரை தண்ணியை ஓடவிடுங்கள். தெளிந்த தண்ணியையும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.