முதல் மூன்று வருஷம்

(ஹைதராபாத் கிளைக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற பேராசிரியரான அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)

நாற்பது வருஷம் கிளாஸ் எடுத்தவன் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார் நம் செயலாளர். டிபன் ஆறுவதற்குள் முடித்து விடுகிறேன்.

போன மாதம் நம் அங்கத்தினர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். அவர் பையன் பி.ஹெச்டி. முடித்து, ஊருக்கு வெளியே ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சாட்டிலைட் படங்களை வைத்து ஏரிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவன். "சார், நீங்க சொன்னா கேப்பான். ஹைடெக் சிட்டியில மூணு பங்கு சம்பளம் தரா. இங்க ஒரு லேப் கூடக் கிடையாது. வெறும் வாத்தியாராவே முடிஞ்சுடுவானோன்னு பயமா இருக்கு" என்றார். பயம் நியாயமானதுதான். ஆனாலும் அவர் கேட்டபடி நான் பையனிடம் சொல்லவில்லை. முதலில் ஒரு கிராண்ட்டுக்கு எழுதிப் பார் என்றுதான் சொன்னேன்.

புதிதாகச் சேரும் வாத்தியாருக்கு என்ன நடக்கிறது தெரியுமோ? சீனியர்கள் வேண்டாமென்று தள்ளிய பேப்பரெல்லாம் அவன் தலையில் விழும். பரீட்சை ட்யூட்டி, விடைத்தாள், அட்மிஷன் வேலை. பி.ஹெச்டி. செய்த இடத்தில் இருந்த கருவிகள் இங்கே இல்லை, வழிகாட்டியும் இல்லை. இப்படி மூன்று வருஷம் போனால் கை மறந்து விடும். பிறகு ஐம்பது வயதில் கோடி ரூபாய் கொடுத்தாலும் அவன் ஆராய்ச்சி செய்யப் போவதில்லை. அந்த மூன்று வருஷத்திற்குள் வரும் பணம் சிறியதானாலும் அதற்கு மதிப்பு அதிகம்.

பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். பாலக்காடு கல்பாத்தியில் 1893-ல் பிறந்தவர் கே.ஆர். ராமநாதன். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. அப்படியே பென்ஷன் வாங்கியிருக்கலாம். 1921-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து, கல்கத்தாவில் சி.வி. ராமனிடம் போனார். 1923-ல் ஒளிச்சிதறல் பரிசோதனையில் மங்கலான ஓர் ஒளியைக் கவனித்தார். 1928-ல் ராமன் விளைவாக உலகம் அறிந்ததன் முதல் தடயம் அது. பின்னாளில் விக்ரம் சாராபாய் அகமதாபாத்தில் தொடங்கிய பிசிகல் ரிசர்ச் லேபரட்டரிக்கு இவரே முதல் டைரக்டர். நம் விண்வெளி ஆராய்ச்சிக்குத் தொட்டில் அந்த இடம்தான். அன்று அந்த உதவித்தொகையின் கணக்கைப் பார்த்த குமாஸ்தாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்போது என்ன இருக்கிறது? இஸ்ரோவின் 'ரெஸ்பாண்ட்' திட்டம் 1970-களிலிருந்து நடக்கிறது. விண்வெளி சம்பந்தப்பட்ட ஆராய்ச்சிக்குக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பணம் தருகிறார்கள். கருவி வாங்கலாம், ஆராய்ச்சி உதவியாளர் ஒருவரை வைத்துக் கொள்ளலாம், பிரயாணச் செலவு உண்டு. வாத்தியாருக்குச் சம்பளம் அதிலிருந்து கிடையாது. பணம் கல்லூரியின் பெயரில்தான் வரும். இஸ்ரோ மையங்கள் தங்களுக்குத் தீர்வு வேண்டிய விஷயங்களைப் பட்டியலிட்டு வெளியிடுகின்றன. அதைப் படிக்காமல் தன் தீஸிஸையே சுருக்கி அனுப்புகிறவர்கள்தான் அதிகம்!

இன்னொன்று, இளம் ஆசிரியர்களுக்கென்றே உள்ளது. முன்பு எஸ்.இ.ஆர்.பி. இரண்டு வருஷத்திற்கு 30 லட்சம் வரை கொடுத்து வந்தது. 2023-ம் வருஷச் சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் வந்தபின், 2024-ல் பிரதம மந்திரி பெயரில் இளம் ஆராய்ச்சியாளர் மானியம் அறிவித்தார்கள். மூன்று வருஷத்திற்கு 60 லட்சம். விண்வெளிக்கு மட்டும் என்றில்லை, எல்லாத் துறைக்கும் உண்டு. வேலையில் சேர்ந்து சில வருஷங்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும், தள்ளிப் போட்டால் வாசல் மூடிவிடும். அமெரிக்காவில் நாசா 2012 முதல் இளம் உதவிப் பேராசிரியர்களுக்கென்று தனி மானியம் தருகிறது. தொடக்கத்தில் வருஷத்திற்கு 2 லட்சம் டாலர் வரை, மூன்று வருஷம். ரூபாயாக மாற்றிப் பார்த்து யாரும் பெருமூச்சு விட வேண்டாம். அங்கே அந்தப் பணத்தில் பெரும்பகுதி மாணவர் சம்பளத்திற்கே சரியாகிவிடும்.

என் கதையையும் சொல்லி விடுகிறேன். 1980-களில் என் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. கேட்ட கேள்வி ரொம்ப அகலம் என்றார்கள்; கோபம் வந்தது, ஆனால் உண்மை. இரண்டாவது முறை கிடைத்தது. இரண்டு வருஷத் திட்டம். நான் வேலை பார்த்த இடத்தில் மூன்று கொட்டேஷன், அதில் ஒன்றில் கையெழுத்து விட்டுப் போயிற்று, மறுபடி மூன்று கொட்டேஷன் என்று கருவி வந்து சேர பதினாலு மாதம். அதற்குள் உதவியாளர் பையன் பாங்க் பரீட்சை பாஸாகிப் போய்விட்டான். மிச்சமிருந்த பத்து மாதத்தில் நானே ராத்திரி உட்கார்ந்து அளவெடுத்தேன். என் சம்சாரத்தைக் கேட்டால் அந்த வருஷத்தைப் பற்றி இன்னும் விவரமாகச் சொல்வாள்.

ஆகையால் அந்தப் பையனிடம் சொன்னது இதுதான். பணம் வரும்வரை காத்திருக்காதே. லேண்ட்ஸாட் படங்கள் 2008 முதல் இலவசம். இஸ்ரோவின் புவன் தளத்திலும் இலவசமாக எடுக்கக் கூடியவை உண்டு. உன் கல்லூரிக்குப் பக்கத்து ஏரி ஒன்றையே எடுத்துக் கொண்டு, ஒரு சின்ன முடிவைக் கையில் வைத்துக் கொண்டு விண்ணப்பம் எழுது. ஹைதராபாத்தில் இருப்பது உன் அதிர்ஷ்டம். பாலாநகரில் தேசிய தொலையுணர்வு மையம், ஷாத்நகரில் படங்கள் வந்திறங்கும் நிலையம். அங்குள்ள விஞ்ஞானி ஒருவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, இந்தக் கேள்வி உங்களுக்குப் பயன்படுமா என்று கேள். கருவியின் விவரக் குறிப்பையும் கொட்டேஷனையும் அனுமதி வருவதற்கு முன்பே தயார் செய்து வை. பிரின்சிபாலிடம் வாரத்தில் நாலு மணி வகுப்புக் குறைத்துத் தரும்படி எழுத்தில் கேள், வாய்வார்த்தை போதாது.

தனியார் கல்லூரிக்கு இதெல்லாம் நடக்குமா என்று அவன் கேட்டான். ஹைதராபாத், பெங்களூரைச் சேர்ந்த ஏழு இன்ஜினியரிங் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து செய்த ஸ்டட்ஸாட், ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, 2010 ஜூலை 12-ல் பி.எஸ்.எல்.வி.யில் போயிற்று. நம் ஊர் ஸ்கைரூட் கம்பெனியின் விக்ரம்-எஸ் 2022 நவம்பர் 18-ல் கிளம்பியது. கல்லூரியில் பயிற்சி பெற்றவர்களுக்கு இப்போது வெளியே போகவும் இடம் இருக்கிறது என்று அப்பாவுக்கும் சேர்த்துச் சொன்னேன்.

அப்பா முழுச் சமாதானம் அடையவில்லை. இரண்டு வருஷம் பார்க்கிறேன் சார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பையன் போன வெள்ளிக்கிழமை முதல் வரைவைக் கொண்டு வந்தான். பதினெட்டுப் பக்கம். பாதியாகக் குறைத்துக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். இங்கே கல்லூரியில் வேலை பார்க்கும் பிள்ளைகள், பெண்கள் வேறு யாராவது இருந்தால் காபி வேளையில் என்னைப் பாருங்கள். திரும்பி வந்த என் முதல் விண்ணப்பத்தைப் பையில் கொண்டு வந்திருக்கிறேன்.