கடல்நீர்த் தொட்டியும் பாசியும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களின் பெரிய கவலை பாசி. இன்று துடைத்தால் நாலாம் நாள் கண்ணாடி மறுபடி பச்சை.

ஆண்டுதோறும் பிரம்மோற்சவத்துக்கு முன் திருமலையில் சுவாமி புஷ்கரிணியை மூடி, நீரை இறைத்து, சேறு வாரி, புதுநீர் நிரப்புவார்கள். ஏறக்குறைய ஒரு மாத வேலை. கோயில் குளத்துக்கு அதுதான் முறை. வீட்டுத் தொட்டியில் அப்படிச் செய்தால் மீன் பிழைக்காது. மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுபவை கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். கல்லைக் குழாயடியில் தேய்த்தால் குளோரின் பட்டு அவை அழியும், அம்மோனியா ஏறும். அதனால் சிறுகச் சிறுக, வாரம் தவறாமல் சுத்தம் செய்வதே நல்லது.

பாசி வளர வெளிச்சமும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேண்டும். இவற்றைத் தொட்டிக்குள் சேர்ப்பது பெரும்பாலும் நாம்தான். முதலில் தண்ணீரைப் பாருங்கள். சித்தூர்ப் பக்கத்து போர் தண்ணீர் கடினமானது. வயலோரக் கிணறு என்றால் உரத்தின் நைட்ரேட்டும் இறங்கியிருக்கலாம். திருப்பதியில் கல்யாணி அணையிலிருந்தும் தெலுங்கு கங்கையிலிருந்தும் வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. ஆர்.ஓ.வில் வடித்து, மிச்சமிருக்கும் அயனிகளை நீக்கும் டி.ஐ. வடிகட்டியிலும் விட்டு, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரில்தான் கடல் உப்பைக் கரைக்க வேண்டும்.

நம் ஊர்க் கோடையில் தொட்டி நீர் மளமளவென்று வற்றும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். வற்றிய அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள். உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025-ஐ ஒட்டியே இருக்கட்டும். வெப்பம் 27 டிகிரியைத் தாண்டினால் மூடியைத் திறந்து சிறு விசிறி வையுங்கள்.

வாரச் சுத்தத்தில் முதலில் காந்தத் துடைப்பானால் கண்ணாடி. பிறகு கல்லிடுக்கில் படிந்த கசடோடு சேர்த்து பத்தில் ஒரு பங்கு நீரைக் குழாய் வைத்து உறிஞ்சி பக்கெட்டில் பிடியுங்கள். அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். வடிகட்டிப் பஞ்சை அலசவும், முடிப்பாசி பிடித்த கல்லைப் பழைய பல் துலக்கியால் தேய்க்கவும் அதுதான் வேண்டும். சோப்பு வேண்டவே வேண்டாம். புதிய உப்புநீரை முந்தைய நாளே கலக்கி வைத்திருங்கள்.

புதுத் தொட்டியில் படியும் பழுப்புத் தூள் தானே போய்விடும். கல்லில் ரோஜா நிறத்தில் ஓடுபோல் படிவது நல்ல பாசி, சுரண்ட வேண்டாம். சிவப்பு வழுவழுப்பு படர்ந்தால் அது சயனோபாக்டீரியா; உறிஞ்சி எடுத்து நீரோட்டத்தைக் கூட்டுங்கள். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீர்கிற அளவு, விளக்கு எட்டு மணி நேரம் போதும். பாசி மருந்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். செத்த பாசி அங்கேயே அழுகி அடுத்த பாசிக்கு உரமாகும். நீரின் ஆக்சிஜனும் குறையும்.

மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளங்களை, வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்ற கடற்பாசி மூடியபோது, வனத்துறையினர் கடலில் இறங்கிக் கையால்தான் பிடுங்கி எடுத்தார்கள். வீட்டுத் தொட்டியிலும் கைதான் முதல் கருவி.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் கடலின் கடினப் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். பீங்கான் கல்லே தொட்டிக்குப் போதும். கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கித் தந்திருக்கிறது; அப்படிப் பண்ணையில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குங்கள். கடலிலிருந்து உடைத்தெடுத்த பவளத்தைக் கடைக்காரர் காட்டினால், தயவுசெய்து வாங்காதீர்கள்.