பெட்டிக்கு அடியில் இருந்த மரியாதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், படைவீரர் குடும்பங்களைச் சிறப்பித்த நிகழ்ச்சியில் பேசியது)



இன்னிக்கு எங்க அம்மாவுக்குச் சால்வை போட்டீங்க. பட்டாளத்துக்காரர் மனைவின்னு அவங்களை மேடை ஏத்தினது இதுதான் முதல் தடவை. அம்மாவுக்கு மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை. அதனால நான் பேசறேன்.

நம்ம வேலூர் மாவட்டத்துல பட்டாளத்துக்குப் போறது புதுசு இல்லை. கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ன்னே சொல்றாங்க. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல ஒரு கல்வெட்டு இருக்கு. 1914 முதல் 1918 வரை நடந்த போருக்கு இந்த ஊர்லருந்து 277 பேர் போனாங்க, அதுல 14 பேர் உயிரைக் கொடுத்தாங்கன்னு அதுல இருக்கு. எண்ணிக்கை இருக்கு, பேர் இல்லை. அவங்க யார் வீட்டுப் பிள்ளைன்னு அந்தக் கல்லைப் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது.

டெல்லியில 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்துல, நாட்டுக்காக உயிர் விட்டவங்க பேரை ஒவ்வொரு கல்லா செதுக்கி வெச்சிருக்காங்க. 25 ஆயிரத்துக்கும் மேல. ஆனா எங்க அப்பா மாதிரி 17 வருஷம் காவல் காத்துட்டு, உயிரோட திரும்பி வந்து, வீட்டுத் திண்ணையில கண்ணை மூடினவங்க பேர் அங்க வராது. அதைக் காப்பாத்த வேண்டியது வீடுதான்.

அப்பாவுக்குக் கடிதம் எழுதினா நம்பர், பதவி, பேர், யூனிட், கடைசியில 56 ஏ.பி.ஓ. அவ்வளவுதான் விலாசம். ஊர் பேரே இருக்காது. புருஷன் பனியில நிக்கிறாரா, பாலைவனத்துல நிக்கிறாரான்னு தெரியாமலே அம்மா எங்க மூணு பேரையும் வளர்த்து ஆளாக்கினாங்க.

அப்பா போனதும் படத்துக்கு மாலை போட்டோம். மெடலைக் கண்ணாடிச் சட்டத்துல வெச்சோம். மரியாதை செஞ்சுட்டோம்னு நினைச்சோம். குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டப்பதான் விஷயம் தெரிஞ்சது. ஓய்வூதிய ஆணையில அம்மா பேர் ஒரு மாதிரி, ஆதார்ல வேற மாதிரி. பிறந்த தேதியும் ஒத்துப் போகலை. டிஸ்சார்ஜ் புக் டிரங்குப் பெட்டிக்கு அடியில கரையான் அரிச்சுக் கிடந்தது. எல்லாம் சரியாக 11 மாசம் ஆச்சு. அத்தனை மாசமும் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கினது நம்ம குழுக் கடன்லதான்.

ஒருநாள் அம்மா கேட்டாங்க: “அவர் பொண்டாட்டி நான்தான்னு இன்னும் எத்தனை பேர்கிட்ட சொல்லணும்?” எனக்கு வாய் வரலை. அப்பா இருக்கும்போதே அவரே கையெழுத்துப் போட்டுத் திருத்தியிருக்கலாம். சாவு பத்தி எப்படிப் பேசறதுன்னு நாங்கதான் தள்ளிப் போட்டோம்.

அதனால ஒண்ணு கேட்டுக்கறேன். பட்டாளத்துக்காரர் இருக்கிற வீடுகள்ல, இந்த மாசமே டிஸ்சார்ஜ் புக்கையும் ஓய்வூதிய ஆணையையும் வெளியே எடுங்க. மனைவி பேர், பிறந்த தேதி, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. படிக்கத் தெரியாத அக்காவுக்குக் குழுவுல படிச்ச பிள்ளை உதவட்டும். தப்பு இருந்தா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் தனியா போகாதீங்க. நாங்க ரெண்டு பேர் கூட வர்றோம்.

இன்னொண்ணு. டிசம்பர் 7 கொடிநாள். 1949-லருந்து நடக்குது. அன்னிக்கு உண்டியல்ல காசு போடறதோட நிக்காம, கூட்டமைப்புல ஒரு பதிவேடு தொடங்கலாம். நம்ம ஊர்லருந்து போனவங்க பேர், யூனிட், போன வருஷம், திரும்பின வருஷம். பக்கத்துலயே வீட்டைத் தாங்கின பொம்பளையோட பேர். இதைத் தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கறேன்.

முதல் பக்கத்துக்கு எங்க அப்பா பேரையும் அம்மா பேரையும் நானே எழுதித் தர்றேன். இந்தத் தடவை ஒரு எழுத்துகூடத் தப்பாது.